எளிதில் துடைக்க வரும் வாக்ஸைத் தேர்ந்தெடுங்கள்

காரின் பெயிண்டைக் காக்கப் பூசும் மெழுகான வாக்ஸை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, “எது நன்றாகப் பளபளக்கும்?” என்பதைத்தான். நான் கேட்கச் சொல்வது வேறு: “எது சிரமமில்லாமல் துடைத்தெடுக்க வரும்?” ஓரளவு தரமான வாக்ஸ் எதுவானாலும், சுத்தமான பெயிண்டின் மேல் மெல்லியதாகப் பூசினால் நன்றாகத்தான் பளபளக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் தோள்பட்டைக்குத்தான் தெரியும். தேய்க்கத் தேய்க்க வராமல் வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வாக்ஸை ஒரு முறை பூசியவர், அந்த டப்பாவை மறுபடி திறக்க மாட்டார். விலை உயர்ந்த டப்பா அலமாரியில் இருக்கும். கார் வெயிலில் மங்கிக்கொண்டிருக்கும்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுவது அப்பா காலத்திலிருந்து எங்கள் தொழில். எங்களிடம் இரண்டு மெர்சிடிஸ் வண்டிகள் உண்டு. வெள்ளை வண்டி 1980களின் டபிள்யூ123 ரகம், இந்நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகர ஆலையில் கோர்க்கப்பட்டது. கறுப்பு வண்டி அதைவிடப் பல ஆண்டுகள் புதியது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் இரண்டும் தயாராக நிற்க வேண்டும். சனிக்கிழமை கோயிலுக்கோ மண்டபத்துக்கோ போய், அங்கிருந்து மணமக்களைப் படம் எடுக்கப் பொட்டானிக் கார்டனுக்கோ உம்ஷ்லாங்கா கடற்கரைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். புகைப்படக்காரர் மணப்பெண்ணைக் கறுப்புக் காரின் கதவோரம் நிறுத்தும்போது, அவளுடைய சேலைக் கரையின் ஜரிகை கதவில் கோடு பிசகாமல் தெரிய வேண்டும். எனக்கோ மணிக்கட்டில் வாதம். அழுத்தித் தேய்க்க வேண்டிய எந்தப் பொருளும் எங்கள் வீட்டில் நிலைப்பதில்லை. பூசுவதற்கு எளியதாகவும் இருக்க வேண்டும், படத்தில் குறை தெரியாத பளபளப்பும் வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இங்கே காரின் மேல் விழுவது

எந்த வாக்ஸ் உங்களுக்குப் பொருந்தும் என்பதில் பாதி, கார் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்களுக்கு டிசம்பரும் ஜனவரியும் கோடை, ஜூனும் ஜூலையும் குளிர்காலம். டர்பன் இந்தியப் பெருங்கடலின் கரையில் இருப்பதால் கோடையில் காற்றில் ஈரம் மிகுதி. கடற்கரைச் சாலையில் ஒரு மாலை நிறுத்திவைத்த காரின் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஜேக்கப்ஸ், மோபெனி பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் கார்களில் தொழிற்சாலைத் தூசும் சேர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம்விட நான் அஞ்சுவது கரும்புச் சாம்பலுக்கு. வடக்கே வெருலம், டோங்காட் பக்கத்துத் தோட்டங்களில் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கும் கரும்பு வெட்டு டிசம்பர் வரை போகும். வெட்டுவதற்கு முன் தோகையைத் தீவைத்து எரிக்கும் நாளில், கருஞ்சாம்பல் இழை இழையாகக் காற்றில் வந்து கொடியில் காயும் துணியிலும் காரின் பானெட்டிலும் இறங்கும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கிய நம்மவர்கள் இந்தக் கரும்புக்காகத்தான் அழைத்துவரப்பட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் வாங்கிய கார்களின் மேலும் அதே கரும்பு வந்து விழுகிறது என்று பருவந்தோறும் நினைத்துக்கொள்வேன். அந்தச் சாம்பலை உலர்ந்த துணியால் தட்டிவிடவே கூடாது. கரும்புத் தோகையில் சிலிக்கா அதிகம். எரிந்த பிறகும் அது சாம்பலில் மிஞ்சியிருக்கும். துணியால் இழுத்தால் ஒவ்வொரு துகளும் பெயிண்டில் மெல்லிய கோடு போடும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றி மிதக்கவிட்டு இறக்குங்கள். வாக்ஸ் பூசிய கார் என்றால் சாம்பல் பிடிப்பில்லாமல் தண்ணீரோடு வழுக்கி இறங்கிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே இங்கே வாக்ஸ் பூச வேண்டும் என்பேன்.

ஹாடிடா பறவையின் எச்சத்தையும் விட்டுவிட முடியாது. காலையில் ஊரையே எழுப்பும் அந்தப் பெரிய பறவை கூரையில் உட்கார்ந்தால் கீழே நிற்கும் காருக்கு ஆபத்து. எச்சம் வெயிலில் காய்ந்தால் பெயிண்டை அரித்துத் தடம் பதிக்கும். வாக்ஸ் அதைத் தடுத்துவிடாது. ஆனால் நீங்கள் வாளியுடன் வரும்வரை கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுக்கும்.

ஜொகானஸ்பர்க்கில் இருப்பவர்களுக்குக் கடல் உப்பு இல்லை. ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. அங்கே காரை நிழலில் விடுவதே பாதிப் பராமரிப்பு.

டப்பாவுக்குள் இருப்பது

கடை அலமாரியில் எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை வெவ்வேறு. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ் என்று எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை நுண்ணிய அரப்பொடி கலந்தவை. பெயிண்டின் மேற்பரப்பைச் சுரண்டிச் சமன் செய்பவை. வாக்ஸ் சுரண்டுவதில்லை, மேலே படிந்து மூடுகிறது. இப்போதைய கார்களில் நிறத்தின் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம் உண்டு. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றைவிட மெல்லியது. அதை மாதந்தோறும் சுரண்டிக்கொண்டிருந்தால் ஒரு நாள் தீர்ந்துபோகும். ஆகவே அடிக்கடி பூசுவதற்கு வாங்குவது அரப்பொடி இல்லாத வாக்ஸாக இருக்கட்டும்.

வாக்ஸ்களில் மூத்தது கர்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலைமேல் படியும் மெழுகு இது. வறண்ட நிலத்தில் ஈரம் ஆவியாகாமல் காக்க மரம் தானே சுரக்கும் பூச்சு. ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் செதில் செதிலாக உதிரும். இதன் உருகுநிலை சுமார் 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். தனிக் கர்னாபா கல்லாக இருக்கும், கையால் பூசவே முடியாது. அதனால் கரைப்பானும் எண்ணெயும் மென்மையான வேறு மெழுகுகளும் கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள். “100 விழுக்காடு கர்னாபா” என்று மூடியில் பார்த்தால் டப்பா முழுவதும் அதுதான் என்று எண்ணிவிடாதீர்கள். சேர்த்திருக்கும் கர்னாபா கலப்படமற்றது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கரைப்பானும் எண்ணெயும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதுதான் கைக்கு வேலை எளிதா கடினமா என்பதை முடிவுசெய்கிறது. கர்னாபாவின் அழகு அடர்ந்த நிறங்களில் தெரியும். கறுப்பு, கருநீலம், கருஞ்சிவப்பு வண்டிகளில் நிறம் ஆழமாகும். வெள்ளையில் அந்த வேறுபாட்டைக் கண்ணால் காண்பது கடினம். நீடிப்பதும் குறைவு, இங்குள்ள வெயிலிலும் உப்பிலும் சில வாரங்கள்தான்.

அடுத்தது செயற்கைப் பாலிமரில் செய்த சீலன்ட். பெரும்பாலும் பால் போன்ற திரவமாக வரும். மெல்லியதாகப் பரவும், லேசான தூளாகக் காயும், துணி பட்டதும் வந்துவிடும். சில மாதங்கள் தாங்கும். பளபளப்பு கர்னாபாவைவிடச் சற்றுக் கூர்மை, கண்ணாடித்தன்மை. வெள்ளை, வெள்ளி நிறக் கார்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். முதன்முறையாக வாக்ஸ் வாங்குபவர்களுக்கும் இதுவே. இரண்டையும் கலந்த வகைகளும் உண்டு. அவற்றிலும் திரவமே கைக்கு எளிது.

மூன்றாவது ஸ்ப்ரே வாக்ஸ். கழுவித் துடைத்த காரில் பூசி உடனே துடைத்துவிட வேண்டியது. காய்வதற்குக் காத்திருக்கும் வேலையே இல்லை. சிலவற்றைக் கழுவிய ஈரத்தோடு தெளித்துத் துடைக்கும்படி எழுதியிருப்பார்கள். இவற்றைவிட எளியது கிடையாது. தனியாக நம்பியிருந்தால் விரைவில் போய்விடும். திரவ வாக்ஸ் பூசிய காரில், இரண்டு பூச்சுக்கு நடுவே, கழுவும்போதெல்லாம் ஒரு முறை தெளித்துத் துடைத்தால் அடியிலுள்ள பூச்சு நீடிக்கும். பளபளப்பும் புதிதாக இருக்கும். சிலிக்கா கலந்த ஸ்ப்ரேக்கள் சாதாரண ஸ்ப்ரேயைவிடக் கூடுதலாகத் தாங்குகின்றன. ஆனால் சிறு குப்பியில் சொட்டுச் சொட்டாகப் பூசும் உண்மையான செராமிக் பூச்சு முற்றிலும் வேறு. அதைப் பூசி நேரத்தில் துடைக்காமல் விட்டால் இறுகித் திட்டாகிவிடும். எடுக்க மறுபடி பாலிஷ் போட்டுச் சுரண்ட வேண்டும். அது தொழில் தெரிந்தவர்களின் வேலை.

கிளீனர் வாக்ஸ் என்பது அழுக்கு நீக்கியும் மெழுகும் சேர்ந்தது. எங்கள் வெள்ளை வண்டி கிளியர் கோட் இல்லாத பழைய முறைப் பெயிண்ட். அந்தப் பெயிண்ட் வெயிலில் வெளிறி மேலே சுண்ணாம்புபோல் தூள்படியும். கிளீனர் வாக்ஸால் தேய்த்தால் துணியில் வெள்ளை நிறம் ஒட்டும். முதல் முறை பார்ப்பவர்கள் பதறுவார்கள்; இறந்துபோன மேல்தோல்தான் வருகிறது, கவலை வேண்டாம். உங்களுடையது சிவப்பு வண்டி என்றால் துணி சிவக்கும். இப்படிப்பட்ட பழைய வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். கிளியர் கோட் நன்றாக இருக்கும் புதிய காருக்கு இது தேவையில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

மைடாஸ், ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகளிலும் பெரிய பேரங்காடிகளிலும் உள்ளூர்த் தயாரிப்பான ஷீல்டு முதல் டர்ட்டில் வாக்ஸ், மெகுவயர்ஸ் போன்ற அமெரிக்கப் பெயர்கள் வரை கிடைக்கும். பெயரைவிட டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். நான் தேடுவது மூன்று செய்திகள்: அரப்பொடி கலக்கவில்லை, கிளியர் கோட்டுக்கு ஏற்றது, கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைத் தடம் விடாது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை. இன்றைய சிறிய எஸ்யூவி வண்டிகளில் சக்கர வளைவு முழுவதும் பெயிண்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக். அதன் நுண்குழிகளில் வெள்ளை வாக்ஸ் நுழைந்து காய்ந்தால் எடுப்பது பெரும்பாடு. அப்படிப்பட்ட வண்டிக்கு நிறமற்ற ஸ்ப்ரேயோ தடம் விடாத திரவமோதான் நல்லது. பட்டுவிட்டால் மென்மையான பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பாருங்கள்; பெரும்பகுதி வந்துவிடும்.

கெட்டியாக டப்பாவில் வரும் பேஸ்ட் வாக்ஸ் வாங்குவதென்றால், கடைக்காரர் அனுமதித்தால், மூடியைத் திறந்து விரல்நுனியால் மெல்லத் தொடுங்கள். வெண்ணெயாகக் குழைந்தால் பரப்புவது எளிது. ஓரத்தில் சுருங்கி விரிசல் விட்டிருந்தால் கரைப்பான் ஆவியாகிப்போன பழைய சரக்கு. வாசனைக்கு மயங்காதீர்கள். வாழைப்பழ மணமும் தேங்காய் மணமும் பெயிண்டுக்கு ஒன்றும் செய்வதில்லை.

இரண்டு வாக்ஸ்களுக்கு இடையே முடிவெடுக்க முடியவில்லையா? இரண்டிலும் சிறிய அளவை வாங்கி, அல்லது ஒன்றை அண்டை வீட்டுக்காரரிடம் கொஞ்சம் கேட்டு வாங்கி, பானெட்டின் நடுவில் மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரே அளவு நேரம் விட்டு, ஒரே துணியின் இரு வேறு மடிப்புகளால் துடையுங்கள். எந்தப் பக்கத்தில் கை தானாக வழுக்கிப் போகிறது, எந்தப் பக்கத்தில் துணி இழுத்துப் பிடிக்கிறது என்பது உடனே தெரியும். டேப்பை எடுத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று, தலைக்கு மேலுள்ள விளக்கின் பிம்பத்தை இரு பக்கமும் பாருங்கள். பெரும்பாலும் பளபளப்பில் வேறுபாடு தெரியாது, உழைப்பில்தான் தெரியும். என் தம்பி மகன் வாடிக்கையாளர்களின் கார்களுக்கு வாக்ஸ் பூசத் தொடங்கியபோது விலை உயர்ந்த பேஸ்டுக்கும் நடுத்தர விலைத் திரவத்துக்கும் இப்படித்தான் சோதனை வைத்தான். “அத்தை, எந்தப் பக்கம் எது என்று நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டான். கண்ணை மூடித் துணியை ஓட்டியபோது சொல்ல முடிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது சொல்ல முடியவில்லை.

பூசுவதற்கு முன்

பளபளப்பு என்பது வாக்ஸுக்கு முன்பே பெயிண்டில் இருக்க வேண்டியது. மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்தால் ஒளி நேராகத் திரும்பும். கீறலும் ஒட்டிய அழுக்கும் இருந்தால் சிதறும். சிதறிய ஒளிதான் மங்கலாகத் தெரிகிறது. வாக்ஸ் மிக நுண்ணிய கீறல்களை நிரப்பும், அவ்வளவே. அழுக்கின் மேல் பூசினால் அழுக்குத்தான் பளபளக்கும்.

கழுவுவதற்கு இரண்டு வாளிகள் வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். கையுறைத் துணியைத் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்புவில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். கதவின் அடிப்பகுதியும் சக்கரங்களும் கடைசியில். பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம்; அது பழைய வாக்ஸையும் கொண்டுபோய்விடும். வேறு வாக்ஸுக்கு மாறப்போகும் அன்று மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

கழுவிக் காய்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, விரல்நுனிகளால் பானெட்டை வருடிப் பாருங்கள். வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பு பையின் வழியே தெளிவாகத் தெரியும். அது பெயிண்டில் புதைந்த இரும்புத் தூசும் பிசினும். காருக்கென்றே விற்கும் களிமண் கட்டியை (கிளே பார்), அதற்குரிய வழுக்கும் திரவத்தைத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டினால் அவை கட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். சரசரவென்ற ஓசை நின்றதும் அந்த இடம் முடிந்தது. கட்டி தரையில் விழுந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். மண்துகள் ஒட்டிய கட்டி பெயிண்டுக்கு எமன். இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியதில்லை. பை சொரசொரத்தால் மட்டும்.

பிறகு முழுவதும் உலர்த்துங்கள். பக்கக் கண்ணாடியின் கூட்டுக்குள்ளும் கதவுக் கைப்பிடியின் பின்னாலும் தண்ணீர் தங்கியிருக்கும். வாக்ஸ் பூசிக்கொண்டிருக்கும்போது அது ஒரு கோடாக வடிந்து வந்தால் அந்தக் கோடு நெடுகத் திட்டாகும். கதவுகளை ஒரு முறை திறந்து மூடி, கண்ணாடிக் கூட்டைத் தட்டி, வடிந்ததைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பூசுவதும் துடைப்பதும்

நிழலும் குளிர்ந்த தகடும் கட்டாயம். புறங்கையைப் பானெட்டில் வைத்தால் சூடு தெரியக் கூடாது. டர்பனில் இதற்கு மிகச் சிறந்த காலம் குளிர்கால முற்பகல்: பனி உலர்ந்த பிறகு, காற்றில் ஈரம் குறைந்திருக்கும் நேரம். கோடையில் அதிகாலையில் முடித்துவிட வேண்டும். ஈரக் காற்றில் வாக்ஸ் காய்வது தாமதப்படும் என்பதை மறக்காதீர்கள். டப்பாவில் ஐந்து நிமிடம் என்று எழுதியிருந்தால் ஜனவரியில் எங்கள் ஊரில் அதைவிடக் கூடுதலாகும். கடிகாரத்தைப் பார்க்காமல் விரலைக் கேளுங்கள். பூசிய இடத்தில் விரலை லேசாக இழுத்தால் கீழே பெயிண்ட் சுத்தமாகத் தெரிய வேண்டும். பிசுபிசுவென்று இழுபட்டால் இன்னும் ஆகவில்லை. பெரும்பாலோர் துடைக்கும்போது படும் பாட்டுக்குக் காரணம் இரண்டே: தடிமனாகப் பூசியது, அல்லது காயும் முன்போ காய்ந்து இறுகிய பின்போ துடைத்தது. பிடிவாதமாக நிற்கும் திட்டின் மேல் அதே வாக்ஸைத் துளி தடவினால் அடியிலுள்ளது இளகி வரும்.

தோசைக்கல்லில் எண்ணெய்த் துணியை ஓட்டுவதுபோல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பூசுங்கள். ஒரு கதவுக்கு ஐந்து ரேண்ட் நாணயத்தின் அளவு திரவம் போதும். பஞ்சு அட்டையில் எடுத்து, முதலில் நாலைந்து இடங்களில் ஒற்றி, பிறகு நேர்கோடுகளாகப் பரப்புங்கள். அடுத்த கோடு முந்தையதில் பாதியை மூட வேண்டும். பேஸ்ட் என்றால் அட்டையை லேசாக ஈரப்படுத்திப் பிழிந்துகொள்ளுங்கள். மணிக்கட்டைச் சுழற்றாமல் முழங்கையிலிருந்து கையை ஓட்டினால் வலிக்காது. தோளுக்கு மேல் கையை உயர்த்த வேண்டாம்; கூரைக்கு ஒரு முக்காலி போட்டு ஏறிக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ரேயில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காரின் மேல் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். காற்றில் பறந்து முன் கண்ணாடியில் படியாது. முன் கண்ணாடியில் வாக்ஸ் படிந்தால் மழையில் வைப்பர் துள்ளித் துள்ளிப் போகும், பார்வை மங்கும்.

துடைக்க மைக்ரோஃபைபர் துணிகள் இரண்டு வேண்டும். முதல் துணி வாக்ஸை எடுக்க, இரண்டாவது மெருகேற்ற. நாலாக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் வாக்ஸால் நிறைந்ததும் திருப்பிக்கொள்ளுங்கள். நிறைந்த முகத்தாலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் எடுத்ததைத் திரும்பப் பூசுகிறீர்கள். ஓரத்தில் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டைப் பிரித்தெடுத்துவிடுங்கள், அது கீறும். துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்காதீர்கள். துணிகளை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது இழைகளை மூடிவிடும். பழைய பனியன் துணியும் கிழிந்த வேட்டியும் போதும் என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வெள்ளை வண்டியில் அது தெரியாது. கறுப்பு வண்டியை மாலை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு இழுப்பும் தெரியும்.

பளபளப்பில்லாத மேட் பூச்சுள்ள கார்களுக்கு வாக்ஸ் வேண்டவே வேண்டாம். பட்டறையில் புதிதாகப் பெயிண்ட் அடித்து வந்த வண்டிக்கும் உடனே பூசக் கூடாது. பெயிண்டிலுள்ள கரைப்பான் வெளியேற 30 முதல் 90 நாள் வரை ஆகும் என்பது பட்டறைக்காரர்களின் கணக்கு. எவ்வளவு என்று அடித்தவரிடமே கேளுங்கள்.

மாலையும் குங்குமமும்

நம் வீடுகளில் புது வண்டி வாங்கினால் முதலில் கோயிலுக்குத்தான் போகும். பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, விபூதிப் பட்டை இட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் வண்டி வீட்டுக்கு வரும். வைத்த குங்குமத்தை உடனே துடைக்க யாருக்கும் மனம் வராது, துடைக்கவும் வேண்டாம். பூசைக்கு முதல் நாளே வாக்ஸ் பூசிவிடுங்கள். மஞ்சளும் குங்குமமும் மெழுகின் மேல்தான் உட்காரும். மறுநாள் தண்ணீரில் ஊறவைத்தால் கறை வைக்காமல் இறங்கும். பூசாத வெளிறிய வெள்ளைப் பெயிண்டில் மஞ்சள் ஊறிவிட்டால் நாள்பட நிற்கும். விபூதியை ஒருபோதும் உலர்துணியால் தேய்க்காதீர்கள்; கரும்புச் சாம்பலுக்குச் சொன்னதுதான் இதற்கும்.

கல்யாண அலங்காரத்தில் ஒரு சிக்கல் உண்டு. நன்றாக வாக்ஸ் பூசிய பானெட்டில் ஒட்டுநாடா நிற்காது. அலங்காரம் செய்ய வருபவர்கள் ரிப்பனை ஒட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைக்கக் கிளம்புவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மாலையை முன்பக்கக் கம்பியிலும் பானெட்டின் உள்விளிம்பிலும் நூலால் கட்டச் சொல்லுங்கள். ரிப்பனை இறுக்கிக் கட்ட வேண்டும். தளர்வாக விட்டால் நெடுஞ்சாலைக் காற்றில் படபடவென்று அடித்துப் பெயிண்டில் மங்கலான பட்டை போட்டுவிடும். இரவு வண்டி வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ஈரமான பூவிதழ்களைப் பானெட்டிலிருந்து அகற்றிவிட்டுப் படுக்கப் போங்கள். காலைவரை கிடந்தால் இதழின் வடிவிலேயே தடம் விழும்.

மறுபடி எப்போது பூசுவது என்பதைத் தண்ணீரே சொல்லும். புதுப் பூச்சில் தண்ணீர் சிறு மணிகளாக உருண்டு நிற்கும். மணிகள் தட்டையாகி, ஒன்றோடொன்று சேர்ந்து ஏடாகப் படரத் தொடங்கினால் வாக்ஸ் தேய்ந்துவிட்டது. முதலில் தேய்வது பானெட்டும் கூரையும்தான். கதவுகளில் இன்னும் மணி உருண்டால் அவற்றை விட்டுவிட்டு அந்த இரண்டுக்கு மட்டும் பூசுங்கள். பாதி நேரத்தில் வேலை முடியும்.